ஏற்காட்டுக் குளிரில் காலையில் கிளம்ப மறுக்கும் பழைய மினி டிராக்டர்: பறிப்புக்கும் மண் தள்ளுற வேலைக்கும் எப்படித் தயார் செய்வது?

மிளகுக்கொடி:

வணக்கம். நாகலூர் பக்கம் காப்பித் தோட்டம், கிட்டத்தட்ட ஏற்காடு ஊர் இருக்கிற உயரம்தான். வண்டி 2004 மாடல் மினி டிராக்டர். 18 எச்.பி., மூணு சிலிண்டர், இன்டைரக்ட் இன்ஜெக்‌ஷன், ஹீட்டர் பிளக் வச்சது. எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு காட்டுற மீட்டர் வேலை செய்யலை.

மத்தியானம் சாவி திருப்பினா உடனே கிளம்புது. சேலத்துக்கு இறக்கினாலும் ஒரு குறையும் இல்லை. தோட்டத்துல காலை ஆறரைக்கு மட்டும் அஞ்சாறு தடவை செல்ஃப் அடிக்கணும். வெள்ளைப் புகை, கண்ணு எரியும், அப்புறம் ரெண்டு சிலிண்டர்ல தட்டுத் தடுமாறி ஓடி, அஞ்சு நிமிஷத்துல சரியாகுது. ஒர்க்‌ஷாப்ல "இன்ஜின் வேலை வந்துடுச்சு, பிரிச்சிடலாம்"னு சொல்றாங்க.

கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் இந்த வண்டி நிக்கக் கூடாது. பழம் ஏத்தணும், மழையில தோட்டத்துப் பாதையில சரியுற மண்ணைத் தள்ளணும். அதுக்குன்னே நாலடி பின் பிளேடு ஒண்ணு வாங்கியிருக்கோம். வெளிநாட்டுக்காரங்க உறைபனி தள்ள டிராக்டரைத் தயார் பண்ற வீடியோ பார்த்தா இன்ஜினைச் சூடாக்குற பிளாக் ஹீட்டர், டீசல்ல ஊத்துற மருந்து, டயருக்குள்ள கால்சியம் குளோரைடு, சங்கிலின்னு பட்டியல் நீளுது. இதுல நமக்கு எது வேணும், எது வேண்டாம்? ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கலாமா?

ஸ்பேனர்14:

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில்: ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். அது ஈதர். ஹீட்டர் பிளக் சூடா இருக்கிற அறைக்குள்ள போனா பிஸ்டன் மேலே வர்றதுக்கு முன்னாடியே வெடிக்கும். ரிங் உடையும், பிஸ்டன்ல ரிங்குக்கு நடுவே இருக்கிற மேடு விரிசல் விடும், சில சமயம் கனெக்டிங் ராடே வளையும். ஹீட்டர் பிளக் இருக்கிற எந்த டீசல் இன்ஜினுக்கும் இதே கதைதான்.

இன்ஜினைப் பிரிக்கிற பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வைங்க. ஏற்காட்டு மார்கழி விடியலில் 10, 12 டிகிரி. ஒரு டீசல் இன்ஜினுக்கு இதெல்லாம் குளிரே இல்லை. ஆனா இன்டைரக்ட் வகையில டீசல் தனியா ஒரு சின்ன அறைக்குள்ள பீய்ச்சப்படுது. அந்த அறையோட சுவர் குளிர்ந்து கிடந்தா அழுத்தத்துல வர்ற சூட்டையெல்லாம் அதுவே உறிஞ்சிடும். அதனாலதான் காத்தை 22க்கு 1 அளவுல அமுக்கினாலும் (கம்ப்ரஷன்) இந்த வகைக்கு ஹீட்டர் பிளக் இல்லாம முடியாது. சேலத்துல 22 டிகிரி காலையில ரெண்டு பிளக் செத்திருந்தாலும் கிளம்பிடும், மேல கிளம்பாது. நீங்க சொல்ற அறிகுறி அப்படியே அதுதான்: வெள்ளைப் புகை, கண் எரிச்சல், ரெண்டு சிலிண்டர் ஓட்டம். எரியாத டீசல் புகையா வெளியே போகுது. கூலன்ட் எரிஞ்சா புகை இனிப்பு வாடை அடிக்கும், கண்ணு எரியாது, ரேடியேட்டர்ல தண்ணியும் குறையும்.

மல்டிமீட்டர் ஒண்ணு எடுத்துக்கங்க. வரிசை மாறாம பாருங்க.

பேட்டரி ராத்திரி முழுக்க நின்ன பிறகு 12.6 வோல்ட் காட்டணும். 12.2ன்னா பாதிதான் இருக்கு. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. அதே நேரத்துல மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலேயும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கில பெயின்ட் இல்லாத இடத்திலேயும் வச்சுப் பாருங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் ஸ்ட்ராப், அதாவது பேட்டரி நெகட்டிவை வண்டியோட இணைக்கிற செம்புப் பின்னல், துருப் பிடிச்சிருக்கு. மலைமேல பாதி வண்டிக்கு வியாதி இங்கதான் இருக்கும். புகைமூட்டமா மேகம் வந்து உட்கார்ற ஊர்ல செம்புப் பின்னல் உள்ளுக்குள்ளேயே பச்சை பூத்துடும், வெளியே பார்க்க நல்லாத்தான் இருக்கும். கழட்டி, ரெண்டு முனையும் பளபளன்னு தேய்ச்சு, வாசலின் தடவி மாட்டுங்க.

அடுத்தது ஹீட்டர் பிளக். மூணையும் இணைக்கிற பட்டையைக் கழட்டினாதான் தனித்தனியா அளக்க முடியும். பட்டையோட அளந்தா ஒரு நல்ல பிளக் மத்த ரெண்டு செத்ததையும் மறைச்சிடும். பிளக் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு ஓம் காட்டினா உயிர் இருக்கு. மீட்டர் அசையவே இல்லைன்னா உள்கம்பி அறுந்திருக்கு. மீட்டர் இல்லாதவங்க 21 வாட் இண்டிகேட்டர் பல்பை பேட்டரி பாசிட்டிவுக்கும் பிளக் தலைக்கும் நடுவே பிடிக்கலாம். எரிஞ்சா பிளக் சரி.

பட்டையைத் திரும்ப மாட்டி, சாவியை ஹீட் நிலையில வச்சு, பட்டையில எத்தனை வோல்ட் வருதுன்னு பாருங்க. இதை யாருமே அளக்கிறதில்லை. புதுப் பிளக்கை வாங்கிப் போட்டுட்டு, "அப்பவும் கிளம்பலை, இன்ஜின் போச்சு"ன்னு முடிவுக்கு வந்துடறாங்க.

இந்த மூணு அளவையும் இங்க போடுங்க.

மீதி வேலைகளைச் சுருக்கமா சொல்லிடறேன். இன்ஜின் ஆயில் 15டபிள்யூ40 போதும். வீடியோவுல சொல்ற 5டபிள்யூ30 இங்க தேவையே இல்லை. பழைய 20டபிள்யூ50 கிடந்தா அதை மட்டும் மாத்துங்க, காலையில செல்ஃப் இழுக்கத் திணறும். ஏர் கிளீனர் ஆயில் பாத் வகைன்னா கிண்ணத்தைக் கழட்டி அடியில தேங்கின சேறையும் தண்ணியையும் கொட்டிட்டு, கோடு வரைக்கும் மட்டும் புது ஆயில். கோட்டைத் தாண்டினா இன்ஜின் அதை உறிஞ்சிக் குடிச்சிடும். கரும்புகை வருதுன்னு பம்பில டீசல் அளவு ஸ்குருவைத் திருகச் சொன்னா விட்டுடாதீங்க. இந்த உயரத்துல காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்கு இழுவையை இழக்கும். கூட டீசல் விட்டா புகைதான் கூடும், இழுவை கூடாது.

கொண்டைஊசி20:

ஸ்டார்ட்டிங்கை ஸ்பேனர்14 பார்த்துக்குவார். நான் பிளேடு, டயர், பிரேக் பத்தி மட்டும்.

வீடியோவுல காட்டுற கால்சியம் குளோரைடு டயருக்குள்ள ஊத்துற தண்ணி உறையாம இருக்கத்தான். இங்க உறையப் போறதே இல்லை, வெறும் தண்ணி போதும். உப்பு போட்டா ரிம்மு அரிக்கும், ஒரு பயனும் இல்லை. பின்சக்கரத்தை ஜாக்கி வச்சுத் தூக்கி, வால்வு உச்சியில வர்ற மாதிரி நிறுத்தி, வால்வு மட்டம் வரைக்கும் தண்ணி ஏத்துங்க. அப்போ டயர்ல முக்கால்வாசி நிரம்பும், மேல காற்றுக்கு இடம் இருக்கும். அதுக்கப்புறம் 15லிருந்து 18 பவுண்டு காற்று. முழுக்க நிரப்பினா டயர் கல்லு மாதிரி ஆகி, பாறை விளிம்புல பட்டதும் பக்கவாட்டுல கிழியும்.

சங்கிலி வேண்டாம். பனிக்கட்டிக்கு அது சரி. நம்ம செம்மண் சேறு சங்கிலிக் கண்ணுக்குள்ள அப்பிக்கிட்டு ரெண்டு சுத்துல டயரே உருண்டை ஆயிடும். டயர்ல பட்டன் தேய்ஞ்சு ஒரு விரல் கனத்துக்குக் கீழே போயிருந்தா, சங்கிலி வாங்குற காசுல டயரை மாத்துங்க.

பிளேடைத் தூக்கினதும் முன்சக்கரம் லேசாகும். ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி நேரா போகும். சறுக்குற மண்ணுல, ஒரு பக்கம் பள்ளம் இருக்கிற பாதையில இது உயிர் விஷயம். முன்னாடி பம்பர்ல 20 கிலோ எடைக்கட்டி ரெண்டாவது வேணும். அது கிடைக்கலைன்னா கான்கிரீட் கட்டி வார்த்து போல்ட் போட்டு முறுக்குங்க. கயிறு போட்டுக் கட்டாதீங்க. பின்னாடி கருவி மாட்டுற த்ரீ பாயிண்ட்ல பக்கச் சங்கிலி ரெண்டையும் இறுக்குங்க. தளர்வா விட்டா பிளேடு ஆடி ஆடி டயரை அறுக்கும். பின்னுக்கெல்லாம் கழண்டு விழாம பிடிக்கிற லிஞ்ச் பின் போடுங்க, ஆணியை வளைச்சு மாட்டுற பழக்கத்தை விடுங்க.

மண் தள்ளுறதுல எல்லாரும் பண்ற தப்பு, மொத்தக் குவியலையும் ஒரே தடவையில தள்ளப் பார்க்கிறது. நனைஞ்ச மண்ணு ஒரு கன மீட்டர் ரெண்டு டன்னுக்குக் கிட்ட வரும். வண்டியே ஒரு டன்னு தேறாது. ஒரு முறைக்கு அரை ஜாண் கனம், அதுக்கு மேல வேண்டாம். பிளேடைக் கொஞ்சம் சாய்ச்சு வச்சு, முதல் கியர்ல முன்னோக்கிப் போய் இழுத்துட்டு வாங்க. பள்ளத்துப் பக்கம் தள்ளுறதுதான் சுலபம்னு தோணும். ஆனா சரிவு விழுந்த இடத்துல பாதையோட ஓரமும் ஊறிப்போய்த்தான் இருக்கும். ஓரத்துல இருந்து ஒரு மீட்டருக்குச் சக்கரம் போகக் கூடாது. மண்ணைப் பாதை நீளத்துக்கு இழுத்து, அகலமான இடத்துல கொட்டுங்க. மேட்டுப் பக்க வாய்க்காலை முதல்ல திறந்து விட்டுட்டுத்தான் இந்த வேலையே ஆரம்பிக்கணும். தண்ணி வடியாத வரைக்கும் நீங்க தள்ளத் தள்ள மேலிருந்து இன்னும் வரும்.

வண்டி உருண்டா ஓட்டுறவரைக் காப்பாத்துற கவிழ்ச்சிக் கம்பி உங்க வண்டிக்கு இல்லைன்னு நினைக்கிறேன். அந்தக் காலத்து மினி எதுக்கும் பெரும்பாலும் கிடையாது. சரிவுல குறுக்கா ஓட்டாதீங்க, நேர் மேல், நேர் கீழ் மட்டும்.

பிரேக். இடது வலது பெடல் ரெண்டையும் சேர்த்துப் பூட்டுற தகடு இருக்கும். வயல்ல வளைக்கிறதுக்காக அதை எடுத்து விட்டுட்டு அப்படியே மறந்துடறாங்க. டிரெய்லர் மாட்டினா அது பூட்டியே இருக்கணும். ஒரு பெடலை மட்டும் மிதிச்சா வண்டி குறுக்கே திரும்பும், பின்னாடி லோடு வந்து முட்டி மடக்கும். ரெண்டு பெடலும் ஒரே உயரத்துல பிடிக்குதான்னு காலி வண்டியில சரளைப் பாதையில சோதிங்க. ரெண்டு சக்கரமும் ஒரே நீளத்துக்குத் தடம் இழுக்கணும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லைன்னா, டிரெய்லரும் லோடும் சேர்ந்து டிராக்டர் எடையைத் தாண்டாம ஏத்துங்க. எந்தக் கியர்ல அந்த ஏத்தத்தை ஏறுவீங்களோ அதே கியர்லதான் இறங்கணும். நடுவுல கிளட்ச்சை மிதிக்கிறது கூடவே கூடாது. பின்சக்கரம் ரெண்டையும் ஒண்ணா சுத்த வைக்கிற டிஃபரன்ஷியல் லாக் நேர் ஓட்டத்துக்கு மட்டும். வளைவுல போட்டா வண்டி திரும்பாது, பல்லும் உடையும்.

மத்தியானம் மூணு மணிக்கே மேகம் இறங்குற நாள்ல பின்னாடி வர்ற ஜீப்புக்கு டிரெய்லர் தெரியாது. சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுங்க. காட்டெருமை நடுப்பாதையில நின்னா லைட்டை அணைச்சு அணைச்சு எரிக்காம, அது போற வரைக்கும் இன்ஜினை ஓட விட்டு நில்லுங்க.

மிளகுக்கொடி:

நன்றிங்க ரெண்டு பேருக்கும். அளந்தாச்சு. இன்னைக்குக் காலையில 12 டிகிரி.

பேட்டரி ராத்திரி நின்ன பிறகு 12.5. செல்ஃப் அடிக்கும்போது 10.1. எர்த் பக்கம் 0.2. பிளக்குல ஒண்ணு, ரெண்டு சரி, மூணாவது செத்திருக்கு. ஹீட் நிலையில பட்டையில 8.4 வோல்ட், அதே நேரத்துல பேட்டரி கம்பத்துல 12.0. சாவி வச்சிருக்கிற இடம் தொட்டா சுடுது.

இன்னொண்ணு: இன்ஜின் சூடேறுற வரைக்கும் ரேடியேட்டருக்குத் தண்ணி போகாம தடுக்கிற வால்வு, அந்த தெர்மோஸ்டாட் கூட்டைப் பிரிச்சா உள்ள ஒண்ணுமே இல்லை. யாரோ எப்பவோ எடுத்துப் போட்டிருக்காங்க.

ஸ்பேனர்14:

8.4தான் வில்லன். 12.0 கிளம்பி 8.4 வந்து சேருதுன்னா வழியில 3.6 வோல்ட் காணோம். அது சாவி சுவிட்ச்சுக்குள்ள எரிஞ்ச காண்டாக்ட்ல சூடா போகுது, தொட்டா சுடறது அதனாலதான். பிளக் கொடுக்கிற சூடு வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி. 8.4க்கும் 12க்கும் கணக்குப் போட்டா பாதிச் சூடுதான் வருது. இதுல கவனிக்க வேண்டியது: இது ரெண்டு பிளக் மட்டும் இழுக்கும்போது வந்த அளவு. மூணாவது பிளக்கைப் புதுசா போட்டா கரன்ட் கூடும், இழப்பும் கூடும், பட்டையில 8.4 கூட நிக்காது. புதுசு போட்டும் வண்டி முன்னைவிட மோசமா கிளம்புதுன்னு சொல்றவங்க கதை இதுதான்.

அதனால ரிலே போடுங்க. 12 வோல்ட் 40 ஆம்ப், நாலு கால் ரிலே. 30ஆம் காலுக்கு பேட்டரி பாசிட்டிவிலிருந்து 6 சதுர மி.மீ. வயர், நடுவே பேட்டரி பக்கத்துலேயே 40 ஆம்ப் ஃபியூஸ். 87லிருந்து அதே கன வயர் பிளக் பட்டைக்கு. சாவியிலிருந்து பட்டைக்கு வர்ற பழைய வயரைக் கழட்டி 86ல குடுங்க. 85 எர்த். இனி சாவி வழியா ரிலேவுக்கு வேணுங்கிற கரன்ட் மட்டும்தான் போகும், அது அரை ஆம்ப்கூட வராது. வயர் முனையை முறுக்கிச் சுத்தாம லக் போட்டு நசுக்குங்க. ரிலே காலு கீழே பார்க்கிற மாதிரி வைங்க, மேலே பார்த்தா ஈரம் உள்ள இறங்கும்.

பிளக் மூணையுமே மாத்திடுங்க, ஒண்ணு மட்டும் வேண்டாம். கழட்டறதுக்கு இன்ஜின் சூடா இருக்கும்போது எண்ணெய் விட்டு ஊற வைங்க. குளிர்ந்த இன்ஜின்ல முறுக்கினா முனை ஹெட்டுக்குள்ளேயே உடையும், அப்போ நிஜமாவே ஹெட்டைக் கழட்ட வேண்டி வரும். வெளியே வந்த பிளக் முனையைப் பாருங்க. மூணாவது மட்டும் உருகியோ அரிச்ச மாதிரியோ இருந்தா அந்த சிலிண்டருக்கு டீசல் பீய்ச்சுற நாசில் சொட்டுது. மூணு நாசிலையும் டீசல் பம்ப் சரிபார்க்கிற கடையில (பம்ப் ரூம்) குடுத்து ஸ்ப்ரேயும் அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்க. திரும்ப மாட்டும்போது செம்பு வாஷர் புதுசு. பழசைத் திருப்பிப் போட்டு மாட்டாதீங்க, கம்ப்ரஷன் ஓரமா ஒழுகும்.

ஹீட் நேரம் 25 விநாடி. விட்டுட்டு செல்ஃப் அடிக்கிறப்போ ஹீட் கட் ஆகாம இருக்கான்னும் பாருங்க. 10 விநாடிக்கு மேல செல்ஃபை இழுக்க வேண்டாம்.

இதெல்லாம் முடிச்ச பிறகும் ஒரு சிலிண்டர் தவறினா அப்போ கம்ப்ரஷன் பார்ப்போம். அதுலயும் ஒரு விஷயம். கீழே 28 பார் காட்டுற இன்ஜின் மேல 24 பக்கம்தான் காட்டும். காத்தே மெலிசு. மேல எடுத்த அளவை வச்சு யாராவது சிலிண்டரைக் கடைஞ்சு போரிங் பண்ணச் சொன்னா ஒத்துக்காதீங்க.

மேட்டுக்காடு:

தெர்மோஸ்டாட் இல்லாம ஓட்டறது சமவெளிப் பழக்கம். "வால்வை எடுத்தா சூடேறாது"ன்னு எடுத்துடுவாங்க. மலைமேல இன்ஜின் 50, 60 டிகிரியைத் தாண்டாமலேயே நாள் பூரா ஓடும். டீசல் சரியா எரியாம ஆயிலோட கலக்கும், ஈரம் ஆவியாகாம ஆயில் மூடிக்கு அடியில வெள்ளையா வெண்ணெய் மாதிரி படியும். உங்க வண்டியில மூடியைத் திறந்து பாருங்க, இருக்கும். 82 டிகிரி வால்வு வாங்கிப் போடுங்க.

ரேடியேட்டருக்கு உறைபனி மருந்துன்னு இல்லைன்னாலும் கூலன்ட் வேணும், துருவுக்காக. மூணுல ஒரு பங்கு கூலன்ட், ரெண்டு பங்கு டிஸ்டில்டு வாட்டர். சேலத்து போர் தண்ணியை மட்டும் ஊத்தாதீங்க. சேலம் பக்கத்துச் சுண்ணாம்புக்கரடு மலையோட மண்ணு குணம் அந்தத் தண்ணியிலேயும் இருக்கும், ரெண்டு வருஷத்துல குழாய் உள்பக்கம் ஓடு கட்டிடும். ரேடியேட்டர் மூடியில 0.9 பார்ன்னு எழுதியிருந்தா அதே மூடிதான் வேணும். இங்க திறந்த தண்ணி 95 டிகிரியிலேயே கொதிச்சிடும், ரப்பர் போன மூடியோட ஏத்தத்துல போனா கொதிச்சு வெளியே தள்ளும்.

டீசல் விஷயத்துல ஸ்பேனர்14 சொல்லாதது ஒண்ணு. நம்ம நாட்டுத் தரநிலை ஐ.எஸ். 1460ல குளிர்ல டீசல் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கிற வெப்பநிலைக்கு ரெண்டு வரம்பு: நவம்பர் முதல் பிப்ரவரி வரைக்கும் 6 டிகிரி, மத்த மாசத்துக்கு 18. அதனால ஆவணியில வாங்கி பேரல்ல வச்ச டீசல் மார்கழியில மெழுகு கட்டவே கட்டாதுன்னு உறுதி சொல்ல முடியாது. மருந்து ஊத்தத் தேவையில்லை. பழைய இருப்பை ஐப்பசிக்குள்ள தீர்த்துட்டு, புதுசு வாங்கி வைங்க, அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய தொல்லை தண்ணி. பேரலை நிமிர்த்தி வச்சா மேல்மூடியில மழைத்தண்ணி தேங்கும். ராத்திரி குளிர்ல உள்ள இருக்கிற டீசலும் காத்தும் சுருங்கும்போது மூடி மரை வழியா அந்தத் தண்ணியை உறிஞ்சிக்கும். கூரைக்கு அடியில படுக்க வச்சு, ரெண்டு மூடியும் இடமும் வலமுமா ஒரே மட்டத்துல இருக்கிற மாதிரி உருட்டி நிறுத்துங்க. அசைச்ச பேரல்ல ஒரு நாள் கழிச்சுத்தான் டீசல் எடுக்கணும், குழாய் முனை அடியிலிருந்து நாலு விரல் மேல. வண்டி டேங்கை சாயங்காலம் வேலை முடிஞ்சதும் நிரப்புங்க, காலையில இல்லை. காலி டேங்குலதான் ஈரக்காத்து வேர்த்து வடியும். காலையில ஃபில்டர் கிண்ணத்து அடி ஸ்குருவைத் தளர்த்தி ஒரு டம்ளர்ல பிடிச்சுப் பார்த்தா அடியில தண்ணி தனியா உருண்டையா நிக்கும்.

ஃபில்டர் மாத்தினா காத்து எடுக்கணும்: ஃபில்டர் மேல் ஸ்குரு, அப்புறம் பம்ப் ஸ்குரு, கடைசியா நாசில் பக்க நட்டு ஒரு சுத்து தளர்த்தி செல்ஃப். நுரை நின்னு டீசல் சுத்தமா வந்ததும் இறுக்கணும். நாசில் பீய்ச்சல் முன்னாடி கையை நீட்டாதீங்க, தோலைத் துளைச்சு உள்ள போகும்.

மழையில நிக்கிற வண்டின்னா மேல்நோக்கின சைலன்சருக்கு மூடி போடுங்க. தண்ணி சிலிண்டர் வரைக்கும் இறங்கியிருக்கும்னு சந்தேகம் வந்தா செல்ஃப் அடிக்காம, ஹீட்டர் பிளக் மூணையும் கழட்டிட்டு ஃபேனைக் கையால சுத்திப் பாருங்க. கியர் லீவர் ரப்பர் கிழிஞ்சிருந்தா அது வழியா கியர்பாக்ஸ்ல தண்ணி இறங்கும். ஹைட்ராலிக்கும் அதே ஆயில்லதான் ஓடுதுன்னா பிளேடு ஏறாம நடுங்கும். ராத்திரி நின்ன வண்டியில டிரெய்ன் போல்ட்டை மெல்லத் தளர்த்துங்க, தண்ணி இருந்தா முதல்ல அதுதான் சொட்டும். ஆயில் பால் கலர்ல இருந்தா முழுசா மாத்தணும்.

மிளகுக்கொடி:

ஆயில் மூடிக்கு அடியில நீங்க சொன்ன வெண்ணெய் இருந்தது. ரிலே, மூணு பிளக், செம்பு வாஷர் எல்லாம் மாட்டியாச்சு. பட்டையில இப்போ 11.3. காலை 11 டிகிரியில ரெண்டாவது சுத்துலேயே பிடிச்சுது, புகை அரை நிமிஷம். மூணாவது நாசில் சொட்டுச்சு, அதுக்கு முனை மாத்தினாங்க.

ஒரு சந்தேகம் மட்டும். புது தெர்மோஸ்டாட்டை மாட்டறதுக்கு முன்னாடி அடுப்புல பாத்திரத்துல போட்டுப் பார்த்தேன், தெர்மாமீட்டரோட. 82ல லேசா வாய் திறந்துச்சு. தண்ணி தளதளன்னு கொதிச்சும் முழுசா திறக்கலை. மாத்திக் குடுக்கச் சொல்லணுமா?

மேட்டுக்காடு:

வேண்டாம், அது நல்ல வால்வுதான். 82ல ஆரம்பிக்கிற வால்வு முழுசா திறக்க 95 ஆகும். உங்க அடுப்புல தண்ணி அதுக்கு மேல ஏறாது, அந்த 95ஐத் தொடும்போதே கொதிச்சு நின்னுடும். பாத்திரத்துல ரெண்டு பங்குக்கு ஒரு பங்கு கூலன்ட் ஊத்திட்டு இன்னொரு தடவை வைங்க, கொதிநிலை ரெண்டு மூணு டிகிரி கூடும், முழுசா திறக்கிறதைப் பார்த்துடலாம். அந்தப் பாத்திரம் திரும்ப சமையலுக்கு ஆகாது. மாட்டும்போது சின்னத் துளை இருக்கிற பக்கம் மேலே வரணும், இல்லைன்னா காத்து உள்ளேயே அடைச்சுக்கும்.